கோபுரத்திடம் பெண் கேட்டவர்கள்

காசிமிரா சிரித்தால் ஏரியின் அக்கரையில் மேயும் வாத்துகள் எழும்பிப் பறக்கும் என்று எங்கள் ஊர் அயாபாம்பாவில் சொல்வோம். கொஞ்சம் மிகைதான். இளம் வாத்துகள் மட்டும் எழும்பும். கிழ வாத்துகளுக்குப் பழகிவிட்டது.

குட்டையான உருவம். அகலமான முகம். குளிரில் வெடித்த கன்னங்கள் இரண்டும் எப்போதும் சிவப்பாக இருக்கும். அவள் புருஷன் கூமெர்சிந்தோ ஆலங்கட்டி மழையில் ஆடு தேடிப் போய், சளி நெஞ்சில் இறங்கிச் செத்தான். ஒரு வருடம் கறுப்புப் பாவாடை கட்டினாள். அந்த வருடம் ஏரிப்பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒருநாள், ஒட்டகக் கழுத்தும் ஆட்டு ரோமமுமாக இருக்கும் எங்கள் மலை மிருகம் லாமா ஒன்று வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வைக்கோல் தொப்பியைத் தின்றது. அதைப் பார்த்துச் சிரித்தவள், நிறுத்தவில்லை.

அவள் வேலை பார்க்கும் இடமும் நான் வேலை பார்க்கும் இடமும் ஒன்றுதான். ஏரிக்கு மேலே மேட்டில் பழையவர்களின் கல்லறைக் கோபுரங்கள் இருக்கின்றன. நான் அவற்றுக்குக் காவல். கழுத்தில் விசில். யாராவது கல்லைத் தொட்டால் ஊதவேண்டும். காசிமிரா வெள்ளை லாமாவின் காதில் சிவப்புக் குஞ்சம் கட்டி, வருகிறவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வாள்.

எங்கள் கோபுரங்கள் கீழே சிறுத்து மேலே பெருத்தவை. மேகம் ஓடும்போது அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கோபுரம் அப்படியே தலைமேல் சாய்ந்து வருவதுபோல இருக்கும். வருகிறவர்களுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதையும் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். காசிமிரா மலைப் பச்சிலையைக் கசக்கி அவர்கள் மூக்கில் பிடிப்பாள்.

"இங்க செத்துகித்துத் தொலைக்காதீங்க. உள்ள எடம் காலி இல்ல" என்று எங்கள் பாஷையில் அன்பாகச் சொல்வாள். அவர்கள் நன்றியோடு தலையாட்டுவார்கள்.

ஊர்க்காரர்கள் கோபுரங்களைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நிழலில் தூங்கினால் கால் வீங்கும். கர்ப்பிணிகள் ஏரியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். காசிமிரா மட்டும் காலையில் வந்ததும் ஒவ்வொரு கோபுரத்தின் வாசல் முன்னாலும் குனிந்து, "என்ன, எழுந்தாச்சா?" என்று கேட்பாள். வாசல் என்றால் முழங்கால் உயரம். சூரியன் வரும் திசையைப் பார்த்த ஒரு பொந்து.

"பதில் வந்தா என்ன செய்வே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லதாப் போச்சு. ஒன்னவிட நல்லாப் பேசுவாங்க."

நெமேசியோ ஹுலியாக்கா டவுனிலிருந்து வேனில் ஆட்களைக் கொண்டுவருகிறவன். உருண்டையான ஆள். வந்தவர்கள் மேட்டில் ஏறி இறங்கும்வரை ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துத் தூங்குவான். காசிமிராதான் கண்ணாடியைத் தட்டி எழுப்பி, சுட்ட உருளைக்கிழங்கும், தொட்டுக்கொள்ள எங்கள் பக்கத்துத் தின்னும் களிமண்ணில் கரைத்த குழம்பும் கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். விரலை நக்கினான். ஒன்றும் சொல்லவில்லை. மறுமுறையும் அப்படியே. ஊமை என்றே நினைத்து அவனிடம் கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அவன் லாமாவிடம் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டாள்.

"பாடத் தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு என்னை இத்தனை நாள் கையை ஆட்ட விட்டீரு?"

"நல்லா இருந்துச்சு" என்றான் நெமேசியோ. "நீ கையை ஆட்டுறது."

அவ்வளவுதான். வாத்துகள் பறந்தன.

பெண் கேட்க அவன் அக்கா சதுர்நினாவோடு வந்தான். சதுர்நினா தம்பியை முதுகில் கட்டிச் சுமந்து வளர்த்தவள். அதனால் அவனுக்காக வாயைத் திறப்பதும் அவள்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "குடுங்க, குடிப்பான்" என்பாள். ஹுலியாக்கா சந்தையில் பிளாஸ்டிக் கடை வைத்திருக்கிறாள். வாளி, பேசின், குடம். கடையின் முன்னே அவள் உட்கார்ந்திருப்பது மலையடியில் ஒரு மலை உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

கல்யாணம் முடிந்ததும் காசிமிரா ஹுலியாக்கா வந்துவிட வேண்டும், கடையில் உட்கார வேண்டும், லாமாவை விற்றுவிடலாம் என்றாள் சதுர்நினா. காசிமிரா நெமேசியோவைப் பார்த்தாள். அவன் தன் ஷூக்களைப் பார்த்தான். காசிமிரா சரி என்றாள்.

மறுநாள் மேட்டில் என்னிடம் சொன்னாள்: "செலெஸ்தினோ அண்ணே, அந்த ஆளு வேணும். அந்த வாளிக வேணாம். ரெண்டையும் ஒரே கயித்துல கட்டித் தர்றாங்க. நான் என்ன செய்ய?"

"அவன்கிட்ட நீயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்னாரு."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வாத்துகூட எழும்பவில்லை. அப்போதுதான் எனக்குக் கவலை வந்தது.

நாள் குறித்தவளும் சதுர்நினாதான். ஆகஸ்டு மாதம். எங்கள் ஊரில் யாரும் ஆகஸ்டில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஞானத்தகப்பனாக நிற்க ஒப்புக்கொண்ட எவாரிஸ்தோ அதைச் சொல்லிப் பார்த்தார். கோக்கா இலை போட்டுக் குறி சொல்கிறவர் அவர்.

"ஆகஸ்டுல பூமி வாயைத் தொறந்துகிட்டுக் கெடக்கும்மா. பசியில இருக்கும். என்ன விழுந்தாலும் முழுங்கும்."

"ஹுலியாக்காவுல பூமிக்கு மேல சிமென்ட் போட்டாச்சு, மாமா. வாயெல்லாம் இப்பத் தெரியறதில்ல" என்றாள் சதுர்நினா.

கல்யாணத்தன்று காலையில் நெமேசியோவின் வேன் காகிதப் பூக்களோடு வந்தது. பின்னால் ஒரு லாரியில் பேண்டுக்காரர்கள். டவுனில் பதிவு அலுவலர் முன்னால் கையெழுத்து, அப்புறம் மாதா கோயில், அப்புறம் ஆட்டம். வழியில் கோபுர மேட்டில் வேனை நிறுத்தச் சொன்னாள் சதுர்நினா. கோபுரத்தின் பின்னணியில் கல்யாணக் கூட்டம் நிற்கும் ஒரு பெரிய படம் அவள் கடையில் மாட்ட வேண்டுமாம். வேறொரு வேனில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏற்கெனவே மேட்டில் தலை சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்கா புதுத் தொப்பியைப் பெண்ணின் தலையில் வைப்பாள். வைத்துவிட்டால் பெண் அந்த வீட்டுக்காரி. கையெழுத்து, கோயில் எல்லாம் அரசாங்கத்துக்கும் சாமிக்கும். எங்களுக்குத் தொப்பி. படத்தில் அது வரவேண்டும் என்று சதுர்நினா கோபுரத்தின் அடியிலேயே அதை வைத்தாள். பழுப்பு நிறம், குட்டை விளிம்பு, பட்டுநூல் குஞ்சம். எங்கள் பெண்களின் தொப்பி தலையில் இறங்குவதில்லை, உச்சியில் உட்கார்ந்திருக்கும். பெண் கழுத்தை நேராக வைத்தால் அதுவும் நிற்கும்.

பேண்டு முழங்கியது. நெமேசியோ அவள் பக்கத்தில் வந்து நின்றான். காதில் ஏதோ சொன்னான். காசிமிரா சிரித்துவிட்டாள்.

அதே சமயத்தில் ஏரியிலிருந்து காற்று வந்தது. ஆகஸ்டுக் காற்று. தொப்பி எழும்பியது. எல்லோர் கைகளுக்கும் மேலே ஒரு சுற்று சுற்றியது. கோபுரத்தின் சுவரோடு ஒட்டி ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, இடிந்த கூரை வழியாக உள்ளே விழுந்தது.

பேண்டு நின்றது. டிரம்பெட் மட்டும் ஒரு சுரம் கூடுதலாக வாசித்துவிட்டு வெட்கப்பட்டது.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தொப்பி போன வீட்டுக்குத்தான் பெண்.

"செத்தவங்க பொண்ணு எடுத்துட்டாங்க" என்றார் எவாரிஸ்தோ. தன் தொப்பியைக் கழற்றினார்.

"ஒரு தொப்பி விழுந்துச்சு, எடுத்தாப் போச்சு" என்றாள் சதுர்நினா. ஆனால் அவள் குரல் சந்தைக் குரலாக இல்லை. சிமென்ட் அவள் காலடியில் இல்லை.

"எடுக்கலாம்மா. மொறையா எடுக்கணும். பொண்ணு இப்ப அவங்க வீட்டுல. போய்க் கேக்கணும்."

ஆக, கல்யாணக் கூட்டம் முழுவதும் கோபுரத்தின் பொந்துக்கு முன்னால் உட்கார்ந்து பெண் கேட்டது. எவாரிஸ்தோ துணியை விரித்தார். கிழியாத கோக்கா இலைகளைப் பொறுக்கி, விசிறிபோலப் பிடித்து, ஊதி, வாசலில் வைத்தார். கரும்புச் சாராயத்தைத் தரையில் தெளித்தார். "ஐயாமாரே, அம்மாமாரே, நல்ல எடத்துலேர்ந்து வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தார். பையன் நல்லவன், வேன் இருக்கிறது, குடி அளவோடுதான் என்றார். கோபுரம் ஒன்றும் சொல்லவில்லை.

"மொதல் தடவை யாரு கதவைத் தொறப்பா?" என்றார் எவாரிஸ்தோ. மறுபடி தெளித்தார். தெளித்ததில் பாதி அவருக்குள் போனது.

வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர்களோடு வந்த வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தான். ஆயிரம் வருடமாக நடக்கும் சடங்கு, கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் பார்க்கக் கிடைக்கும் என்றான். ஒரு வெள்ளைக்காரம்மா அழுதாள். அவர்களில் நெடிய பையன் ஒருவன், தான் சுவரில் ஏறி எடுத்துத் தருவதாகச் சைகை காட்டினான். நான் விசிலை ஊதினேன்.

"வேணவே வேணாம்" என்றார் எவாரிஸ்தோ. "அவன் கைல வந்தா பொண்ணு அவன் ஊருக்குல்ல போயிரும்!"

"எந்த ஊருன்னு கேளுங்க மாமா, நல்ல ஊரான்னு பாப்போம்" என்றாள் காசிமிரா. எவாரிஸ்தோ முறைத்தார்.

உள்ளே யார் போவது? பேண்டுக்காரர்கள் தங்கள் வாத்தியங்களைப் பார்த்தார்கள். டிரம் அடிப்பவனுக்கு முதுகுவலி வந்தது. நான் காவல்காரன், நான் சட்டத்தை மீறக்கூடாது. அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தது. நெமேசியோ ஓரடி முன்னால் வந்தான்.

"தம்பி போகமாட்டான்" என்றாள் சதுர்நினா. தம்பி நின்றான்.

காசிமிரா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, என் தொப்பி. நானே போறேன்" என்றாள்.

பொந்து சிறியது. கல்யாணப் பாவாடைகளோடு அவள் அதில் நுழைவதாயிருந்தால் கோபுரத்தைத்தான் கழற்ற வேண்டும். அவள் பாவாடையைக் கழற்றினாள். பச்சை. அதன் கீழே ஊதா இருந்தது. அதையும் கழற்றினாள். அதன் கீழே மஞ்சள். ஒவ்வொன்றையும் சதுர்நினாவின் கையில் போட்டாள்.

"புடிங்க மதினி. இதையும் புடிங்க. கசக்காதீங்க."

பேண்டுக்காரர்கள் ஒவ்வொரு பாவாடைக்கும் டிரம்மில் ஒரு தட்டு தட்டினார்கள். கடைசியில் வெள்ளை உள்பாவாடையோடு அவளும், கண்மட்டும் தெரியும்படி பாவாடைக் குவியலாகச் சதுர்நினாவும் நின்றார்கள். காசிமிரா மண்டியிட்டு, "உள்ள வர்றேன், காலை மடக்கிக்கங்க" என்று சொல்லித் தலையை நுழைத்தாள். தோள் போனது. இடுப்பு கொஞ்சம் யோசித்தது. போனது. பாதங்கள் போயின.

நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதவில்லை.

நேரமானது. உள்ளே கல் உருளும் சத்தம். ஒரு தும்மல்.

"காசிமிரா?" என்றான் நெமேசியோ.

பிறகு கோபுரம் பேசியது. கூரை ஓட்டை வழியாகவும் பொந்து வழியாகவும் ஒரே நேரத்தில் குரல் வந்ததால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

"யாருடா அது பொண்ணு கேட்டு வந்தது?"

கரகரத்த குரல். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசும் காசிமிராவின் குரல். அது அங்கிருந்த லாமாவுக்கே தெரியும்.

"இது காசிமிரா!" என்றாள் பாவாடைக் குவியலுக்குப் பின்னாலிருந்து சதுர்நினா.

எவாரிஸ்தோ உதட்டில் விரல் வைத்தார். "தொண்டை அவளோடதும்மா. செத்தவங்களுக்குச் சொந்தமாத் தொண்டை ஏது? கெடைச்சதுலதானே பேசணும்?"

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"நாங்கதான் ஐயா கேட்டு வந்தோம்" என்றார் அவர் பொந்தைப் பார்த்து.

"பொண்ணை எங்க கொண்டு போறீங்க?"

"ஹுலியாக்காவுக்கு" என்றாள் சதுர்நினா. "நல்ல கடை. நெழல்ல உக்காரலாம்."

"நாங்க எத்தனை காலமா நெழல்ல உக்காந்திருக்கோம்னு தெரியுமா? அலுத்துப்போச்சு. காலைல வந்து எழுந்தாச்சான்னு கேக்க இந்த ஒரு பொண்ணுதான் இருக்கா. குடுக்க மாட்டோம்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். எவாரிஸ்தோ மறுபடி தெளித்தார்.

"கடைல ஆள் இல்ல" என்றாள் சதுர்நினா. இப்போது அவள் நிஜமாகவே கோபுரத்தோடு பேரம் பேசத் தொடங்கியிருந்தாள். சந்தைக்காரியின் கால்கள் தாமாகவே அகன்று ஊன்றிக்கொண்டன. "சரி, வாரத்துல பாதி நாள் இங்க, பாதி அங்க."

"முடியாது."

"மழைக்காலம் முழுக்க அங்க. அப்ப இங்க எந்த வெள்ளைக்காரன் வர்றான்?"

உள்ளே ஒரு கல் உருண்டது. "மழைக்காலத்துல சந்தை நாள்ல மட்டும்" என்றது கோபுரம். "லாமாவை விக்கக் கூடாது."

"லாமாவை வச்சுக்கங்க! ஆனா குடித்தனம் ஹுலியாக்காவுலதான். என் தம்பி என் வீட்டுலதான் இருப்பான்."

"அதை அவரு சொல்லட்டும்."

"அவனுக்காக நான் சொல்றேன்."

"நீ சொல்லாத. கட்டிக்கப்போறவரு சொல்லட்டும். அவருக்கு எங்க இருக்க இஷ்டம்?"

எல்லோரும் நெமேசியோவைப் பார்த்தோம். அவன் முகம் பீட்ரூட்டாக இருந்தது. வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். வாயை மூடினான். தன் ஷூக்களைப் பார்த்தான்.

"பாத்தீங்கல்ல? அவனுக்குச் சொல்லத் தெரியாது" என்றாள் சதுர்நினா. அதில் பெருமை இருந்தது. கோபுரம் அதன் பிறகு பேசவில்லை. உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, தூசியினாலா என்னவோ.

நெமேசியோ கோட்டைக் கழற்றினான். மடித்துக் கல்லின்மேல் வைத்தான். மண்டியிட்டான். என்ன செய்யப்போகிறான் என்று நாங்கள் புரிந்துகொள்வதற்குள் தலை உள்ளே போய்விட்டது.

"டேய்!" என்றாள் சதுர்நினா.

தோள் போனது. வயிறு வந்து பொந்தை அடைத்துக்கொண்டது. அதோடு நின்றுவிட்டது. வெளியே ஒரு பெரிய பின்புறமும் இரண்டு கால்களும் மட்டும் மிச்சம். உள்ளேயிருந்து காசிமிராவின் சிரிப்பு கிளம்பியது. கோபுரம் முழுக்க மோதி, பெருத்து, கூரை வழியாக வெளியே கொட்டியது. ஏரியில் வாத்துகள் எழும்பின. நாரைகளும் எழும்பின, நானே பார்த்தேன்.

"மாட்டிக்கிட்டான்!" சதுர்நினா பாவாடைகள் எல்லாவற்றையும் என் தலைமேல் வீசிவிட்டு ஓடினாள். தம்பியின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஒரு காலைக் கோபுரத்தில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். நான் விசிலை ஊதினேன். யாரும் கேட்கவில்லை. பேண்டுக்காரர்கள் அவள் இழுப்புக்குத் தாளம் பிடித்துக்கொண்டார்கள். அவள் இழுக்க டிரம், நிறுத்த டிரம்பெட். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைச்சுற்றல் அவர்களை விட்டு எங்களுக்கு வந்துவிட்டது.

"வாடா வெளிய! பதிவு ஆபீஸர் போயிருவாருடா!"

உள்ளேயிருந்து நெமேசியோவின் குரல் வந்தது. "இங்க நல்லா இருக்குக்கா."

"என்னடா நல்லா இருக்கு? எலும்பு இருக்குடா உள்ள!"

"இருக்கட்டும்."

அவள் இன்னொரு தரம், உடம்பு எடை முழுவதையும் கொடுத்து இழுத்தாள். இரண்டு ஷூக்களும் கழன்று வந்தன. சதுர்நினா ஷூக்களோடு பின்னால் போய் மல்லாந்து விழுந்தாள். ஆகாயத்தைப் பார்த்தபடி கிடந்தாள். மேகம் ஓடிக்கொண்டிருந்தது. கோபுரம் அவள்மேல் சாய்ந்து வந்திருக்க வேண்டும். முதலில் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு வயிறு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எவாரிஸ்தோ ஓடினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மலை சிரித்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"வச்சுக்கங்க!" என்று ஷூக்களை ஆட்டிக்கொண்டே கோபுரத்தைப் பார்த்துக் கத்தினாள். "ரெண்டு பேரையும் நீங்களே வச்சுக்கங்க! இந்த மேட்டுலயே கெடக்கட்டும்! சந்தை நாளைக்கு மட்டும் அனுப்பி வைங்க!"

"பேச்சு முடிஞ்சது!" எவாரிஸ்தோ குப்பியில் மிச்சமிருந்ததைத் தரையில் ஊற்றினார். அப்படி ஊற்றியபின் எங்கள் பக்கத்தில் யாரும் பேச்சு மாற முடியாது.

அது தரையில் ஊறி முடிவதற்குள் நெமேசியோ பொந்திலிருந்து வெளியே வந்தான். யாரும் இழுக்கவில்லை. சட்டையில் ஒரு பொத்தான்கூடப் பிய்யவில்லை. வெண்ணெயில் கத்திபோல வழுக்கிக்கொண்டு வந்தான். மூச்சை வெளியே விட்டு வயிற்றைச் சுருக்கினால் அந்தப் பொந்து அவனுக்குத் தாராளம். பின்னாலேயே கையில் தொப்பியோடு காசிமிராவும் தவழ்ந்து வந்தாள்.

அவன் உள்ளங்கைகள் இரண்டும் சிராய்த்துச் சிவந்திருந்தன. உள்ளே வாசற்கல்லை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சதுர்நினா எழுந்து உட்கார்ந்து அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எச்சில் தொட்டு, மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இதை வாயால சொல்லித் தொலைச்சா என்னடா?" என்றாள்.

நெமேசியோ வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள்.